பாத்ரூம் கண்ணாடியை எங்கே மாட்டுவது?

சின்ன ஃபிளாட் பாத்ரூம் இருட்டாக இருந்தால் உடனே பெரிய பல்பு வாங்காதீர்கள். முதலில் வென்டிலேட்டருக்கு எதிர்ச் சுவரிலோ பக்கச் சுவரிலோ அகலமான, சட்டமில்லாத கண்ணாடி மாட்டுங்கள், பகல் வெளிச்சம் அதில் பட்டு உள்ளே வரைக்கும் பரவும், அறையும் பெரிதாகத் தெரியும். ஆனால் அதில் அழுக்குத்துணிக் கூடை தெரியக் கூடாது.

விளக்கைக் கண்ணாடிக்கு மேலே மட்டும் போட்டால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். இரண்டு பக்கமும் முக உயரத்தில் 4000 கெல்வின் (அதிக மஞ்சளும் நீலமும் இல்லாத இயல்பான வெள்ளை நிறம்) எல்இடி போடுங்கள், ஷேவிங்குக்கும் மேக்கப்புக்கும் அதுதான் சரி.

அப்புறம் ஒட்டும் வேலை. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசை கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும், நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். கீழ் விளிம்பு வாஷ்பேசினைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், தண்ணீர் தேங்கினால் ஓரம் கறுத்துப்போகும்.