துரியோதனனுக்குத் தொண்டை கட்டிய கதை

தெருக்கூத்தில் எனக்குத் துரியோதனன் வேடம். இரவு பத்து மணிக்குத் திரை விலகினால் விடிய விடிய ஆட்டம். என் குரலோ நள்ளிரவுக்குள் கரகரத்துவிடும். மிளகு, சித்தரத்தை எல்லாம் மென்று பார்த்தேன். நாக்கு எரிந்ததுதான் மிச்சம்.

வாத்தியார் என் அடிவயிற்றில் கைவைத்து, "கர்ணா என்று கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். வயிறு அசையவே இல்லை. கழுத்து நரம்புதான் புடைத்தது. கோளாறு அங்கேதான். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் சொம்பை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சுவிட்டு நாற்பது நாள் வசனம் பழகினேன். தண்ணீர் இல்லாத சொம்புதான், பயம் வேண்டாம்.

நாகசுரம் போன்ற சிறு ஊதுகருவியான முகவீணையின் உச்சச் சுருதியோடு மல்லுக்கட்டுவதைப் பாட்டோடு நிறுத்தி, வசனத்தைக் கீழ்க்குரலுக்கு இறக்கினேன். "அப்படியா..." என்று இழுத்து நிறுத்தினால் கூட்டம் அடங்குகிறது. சென்ற பங்குனியில், பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் பதினெட்டாம் போர் கூத்து முடிந்து, துரியோதனன் வீழும் படுகளத்துக் காலையிலும் குரல் மிச்சமிருந்தது.