மோதிரத்துக்கு வைரம் எடுக்கிறீங்களா? எந்த ஷேப், எந்த கட்னு முடிவு பண்றது எப்படி

நிச்சயதார்த்த சீசன் வந்துட்டா நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்ணுதாங்க, ரவுண்டு எடுக்கலாமா, ஓவல் எடுக்கலாமா, சதுரமான பிரின்சஸ் நல்லாருக்குமானு. ட்ரேயை எடுத்து முன்னாடி வெச்சதும் எல்லாமே மின்னும், மண்டை குழம்பிடும், கடைசில கல்லு எத்தனை சென்ட், அதாவது எடை எவ்ளோனு மட்டும் கேட்டுட்டு இருக்கிறதுலயே பெருசை எடுத்துட்டுப் போயிடுவாங்க. நகைக்கடை கவுண்டர்ல நின்னு இதைப் பாத்துட்டே இருக்கிறதால சொல்றேன், சென்ட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, நல்லா வெட்டின கல்லா எடுங்க, அப்புறம் மோதிரம் போடப்போற கை தினமும் என்ன வேலை செய்யுதுனு யோசிச்சு ஷேப்பை முடிவு பண்ணுங்க.

ரவுண்டு, ஓவல், எமரால்டு (நீள்சதுரம், மரகதக் கல் இல்லை) எல்லாம் ஷேப். அந்த ஷேப்பை எவ்ளோ ஒழுங்கா வெட்டிருக்காங்கங்கறது தனி சமாச்சாரம். ஒரே 30 சென்ட், ஒரே கலர், ஒரே கிளாரிட்டி (உள்ள புள்ளி, கறை எவ்ளோங்கற அளவு) இருக்கிற ரெண்டு ரவுண்டு கல்லைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணு பளீர்னு அடிக்கும், இன்னொண்ணு நடுவுல டல்லடிச்சுக் கிடக்கும். கல்லுக்குள்ள போற வெளிச்சம் அடிப்பக்க பட்டைகள்ல மோதி திரும்ப மேல வரணும், அடி ரொம்ப ஆழமா இருந்தாலும் தட்டையா இருந்தாலும் அது கீழயோ பக்கத்துலயோ வெளிய போயிடும். வைரம் வெட்டற குடும்பத்துல வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கிங்கறவர் 1919லயே எந்தக் கோணத்துல வெட்டினா வெளிச்சம் நல்லா திரும்பும்னு கணக்குப் போட்டு எழுதிட்டார், இன்னைக்கு நீங்க பாக்கிற ரவுண்டு பிரில்லியன்ட் அந்தக் கணக்கை ஒட்டி வந்ததுதான்.

ஆழமா வெட்டின கல்லுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. எடை அடியில போய் உக்காந்துக்கும், நீங்க காசு குடுக்கிறதோ எடைக்கு. ஒரு காரட்னா 200 மில்லிகிராம், அதுதான் 100 சென்ட். நல்லா வெட்டின 30 சென்ட் ரவுண்டு சுமாரா 4.3 மில்லிமீட்டர் விட்டம் வரும், 50 சென்ட்னா 5.1, ஒரு காரட்னா 6.5. லேப் குடுக்கிற சர்டிஃபிகேட்ல மெஷர்மென்ட்னு மூணு நம்பர் போட்டிருப்பாங்க, முதல் ரெண்டும் விட்டம், மூணாவது ஆழம். 30 சென்ட்னு சொல்லி விட்டம் 4.2க்குக் கீழ இருந்தா அந்தக் கல்லை ஓரமா வெச்சிடுங்க. விட்டத்துல டெப்த் (ஆழம்) 59ல இருந்து 62.5 சதவீதத்துக்குள்ள, டேபிள் (மேல இருக்கிற பெரிய தட்டைப் பட்டை) 54ல இருந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தா பெரும்பாலும் பயமில்லாம பாக்கலாம்.

நம்ம பக்கம் அதிகம் போறது 20, 30 சென்ட் கல்லுதான், அந்த சைஸுக்கு என்னைக் கேட்டா கண்ணை மூடிட்டு ரவுண்டு. 57 பட்டை, அடி நுனியில ஒண்ணு வெட்டிருந்தா 58, சின்ன கல்லுலயும் வெளிச்சத்தை வாரி இறைக்கும், மூலை இல்லாததால அடி தாங்கும், லேசான மஞ்சளையும் சின்ன புள்ளியையும் மறைச்சிடும். ஜிஐஏங்கற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனத்தோட சர்டிஃபிகேட்ல ரவுண்டுக்கு எக்சலன்ட், வெரி குட்னு கட் கிரேடே போட்டிருக்கும், அதனால கண்ணு பழகாதவங்ககூட தைரியமா எடுக்கலாம். விலைதான் ஒரே குறை, கச்சா கல்லுல நிறைய வேஸ்ட் ஆகறதால மத்த ஷேப்பை விட காரட் ரேட் ஜாஸ்தி. அதுக்கும் ஒரு வழி இருக்கு, 50 சென்ட், ஒரு காரட் மாதிரி முழு நம்பரைத் தொடும்போது ரேட் எகிறும், அதனால 47, 48 சென்ட் கேளுங்க, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சுத்தி பொடிக்கல் வெச்ச மாடல்னா அது ஃபுல் கட்டா சிங்கிள் கட்டானு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, சிங்கிள் கட்ல 17, 18 பட்டைதான், மின்னல் கம்மி.

ஓவல் இப்போ ஃபேஷன், அதுல நியாயமும் இருக்கு, அதே எடைக்கு பெருசா தெரியும், குட்டை விரலை நீளமா காட்டும். ஆனா போ டைனு ஒண்ணு இருக்கு, கல்லுக்குக் குறுக்க நடுவுல ரெண்டு முக்கோணம் முனையோட முனை ஒட்டின மாதிரி கறுப்பா ஒரு நிழல் விழும். லைட்டுக்குக் கீழ கல்லை ஆட்டிக்கிட்டே காமிச்சா அது கண்ணுக்கு மாட்டவே மாட்டாது. கல்லை ஆட்டாம கீழ வைக்கச் சொல்லுங்க, நீங்க நேர் மேல குனிஞ்சு பாருங்க, அப்புறம் லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சுப் பாருங்க. கொஞ்சம் நிழல் கிட்டத்தட்ட எல்லா ஓவல்லயும் இருக்கும், சாய்ச்சா கலைஞ்சிடணும், கலையாம கறுப்பாவே நின்னா வேண்டாம். இது சர்டிஃபிகேட்ல வராதுங்க, கண்ணாலதான் பாக்கணும். நீளம் அகலத்தைப் போல 1.35ல இருந்து 1.5 மடங்கு இருந்தா கைக்கு அழகா இருக்கும்.

மூலை இருக்கிற ஷேப்புங்க பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். பட்டுப்புழு வளர்க்கிற அக்கா ஒருத்தங்க பேர் ஷேப், அதாவது சொட்டு மாதிரி இருக்குமே அதுதான் வேணும்னு வந்தாங்க. தினமும் மல்பெரி தழை வெட்டற கை, தட்டு தூக்கற கை. "நுனி கூரா இருக்குதேக்கா, அடி பட்டா தெறிச்சிடும்"னேன். "என்ன தம்பி சொல்ற, வைரம் போய் உடையுமா?"னு கேட்டாங்க. உடையும். கீறல்தான் விழாது, ஆனா வைரத்துக்குள்ள சில திசையில பிளவு சுலபமா போகும், மெல்லிசான நுனியில கல்லோ இரும்போ பட்டா சில்லு பேந்துடும். பேர், படகு மாதிரி ரெண்டு முனையும் கூரான மார்க்கீஸ், பிரின்சஸ் மூணுக்கும் இதே கதை, எடுத்தே ஆகணும்னா ஒவ்வொரு நுனியையும் மூடுற மாதிரி கல்லைப் பிடிக்கிற வி ஷேப் கொக்கி இருக்கானு பாருங்க. பிரின்சஸ் இன்னொரு வகையிலயும் ஏமாத்தும், ஒரு காரட் 5.5 மில்லிமீட்டர் சதுரம்தான் வரும், ரவுண்டை விட சின்னதா தெரியும். அந்த அக்கா கடைசில ஓவல் எடுத்தாங்க, உயரமில்லாம சுத்தி தங்கம் பிடிச்ச பெசல் செட்டிங்ல. வாங்கறதுக்கு முன்னாடி அவங்க முந்தானையை மோதிரத்து மேல இழுத்துப் பாக்கச் சொன்னேன், முதல்ல காமிச்ச கொக்கி மாடல்ல நூல் மாட்டுச்சு, இதுல வழுக்கிட்டுப் போச்சு. நீங்களும் கடையில இதைச் செஞ்சு பாருங்க, பட்டுல கை வைக்கிறவங்க, ஓசூர் பக்கம் ரோஜா பறிக்கிறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இது முக்கியம்.

எமரால்டு கட் ஆபீஸ் போறவங்க கைக்கு ரொம்ப டீசன்ட். படி படியா நீளமான பட்டை, மின்னாது, கண்ணாடி மாதிரி பளிச்சுனு திறந்து காட்டும். அதனாலயே உள்ள இருக்கிறது எல்லாம் தெரியும், நம்ம பெரியவங்க காகபாதம்னு சொல்ற கறுப்புப் புள்ளி நடுவுல இருந்தா ஒளிக்கவே முடியாது. கிளாரிட்டி கிரேடுல ரவுண்டுக்கு எஸ்ஐ1 போதும்னா இதுக்கு அதைவிட சுத்தமான விஎஸ்1, விஎஸ்2 பாருங்க, கலரும் ஒரு படி மேல எடுங்க. 20, 30 சென்ட்ல எமரால்டு எடுக்காதீங்க, அந்த சைஸ்ல படி அழகே தெரியாது. குஷன் ரவுண்டுக்கும் சதுரத்துக்கும் நடுவுல, மூலை மழுங்கினது, பாதுகாப்பு, அவ்ளோதான்.

பாட்டியோட ஏழு கல் தோடு, பேசரியைப் பிரிச்சு மோதிரம் பண்றவங்களும் உண்டு. அந்தக் காலத்துக் கல்லுல டேபிள் சின்னதா, மேல்பக்கம் உயரமா, நடுவுல பாத்தா குட்டி வட்டம் ஒண்ணு தெரியும், அடி நுனியை வெட்டி விட்டிருப்பாங்க, அது ஓட்டை இல்லை. மறுபடி வெட்டிக் குடுக்கிறோம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, எடை போயிடும், அந்த மெதுவான மினுமினுப்பும் போயிடும். பின்பக்கம் மூடின குளோஸ் செட்டிங்ல இருந்ததைப் பிரிச்சா முதல்ல எடை போட்டு எழுதி வாங்கிக்கோங்க. அதே மாதிரி லேசா நீலம் தெரியற கல்லை ப்ளூ ஜாகர்னு சொல்லி ரேட் ஏத்தினா சர்டிஃபிகேட்ல ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா வெளிச்சத்துல கல் ஒளிர்றது) பாருங்க, ஸ்ட்ராங்னு இருந்தா வெளிய வெளிச்சத்துல பால் மாதிரி மங்குதானு செக் பண்ணுங்க.

எந்த ஷேப்பா இருந்தாலும் கடை ஸ்பாட்லைட்ல முடிவு பண்ணாதீங்க, அங்க கண்ணாடிக் கல்லும் மின்னும். வாசல் பக்கம் நிழல்ல ஒரு தடவை, சாதா டியூப்லைட்ல ஒரு தடவை பாருங்க, ரெண்டுலயும் உயிரா இருந்தா அது நல்ல கல். உச்சி வெயில்ல வேண்டாம், அங்க நல்ல வைரமும் கறுத்துத்தான் தெரியும். ஒரு கல்லை மட்டும் பாத்து முடிவு எடுக்கவும் வேண்டாம், தர்மபுரி மாதிரி ஊர்ல சின்ன கடைங்க கல்லை வெளியூர்ல இருந்து வரவழைப்பாங்க, அப்போ அதே சைஸ்ல ரெண்டு மூணு அனுப்பச் சொல்லுங்கனு உரிமையா கேளுங்க, இல்லைனா சேலமோ பெங்களூரோ ஒரு நடை போய் பாத்துட்டு வாங்க. மஞ்சத் தங்கத்துல கட்டுறதா இருந்தா ரவுண்டு, ஓவலுக்கு லேசா மஞ்சள் இருக்கிற ஐ, ஜே கலரே போதும், துளிகூட நிறமில்லாத டி கலருக்குக் காசைக் கொட்டாதீங்க.

வைரத்துல எண்ணெய் சட்டுனு ஒட்டிக்கும், சுரங்கத்துலயே கிரீஸ் தடவின பெல்ட்ல ஓடவிட்டு வைரத்தைப் பிரிச்ச பழக்கம் உண்டு. தலைக்கு எண்ணெய் வெச்ச கை, களி உருட்டின கை, எல்லாம் கல்லோட அடியில போய் படிஞ்சா எக்சலன்ட் கட்டும் மங்கிடும், அதனால பின்பக்கம் திறந்த செட்டிங்கா எடுத்து, வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு, குழந்தைங்க பிரஷ்ஷால அடிப்பக்கம் தேய்ங்க.

பில்லுல கல்லோட எடை தனியா, தங்கத்தோட எடை தனியா, ஷேப், கலர், கிளாரிட்டி எல்லாம் எழுதச் சொல்லுங்க. மோதிரத்துல 18 கேரட் தங்கத்துக்கு 750 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய ஹால்மார்க் அடையாள நம்பரும் இருக்கணும். கல்லோட விளிம்புல லேசர்ல நம்பர் போட்டிருந்தா, லென்ஸ் வாங்கி அதையும் சர்டிஃபிகேட் நம்பரையும் நீங்களே ஒத்துப் பாத்துட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்க.