பகல் ரயிலில் ஊருக்குப் போகிறீர்களா? சைடு லோயர் கேளுங்கள்

எழும்பூரிலிருந்து காலையில் கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் மாதிரி பகல் வண்டியில் தென் மாவட்டங்களுக்குப் போகும்போது சக பயணிகளை வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டிக்கெட் போடும்போது சைடு லோயர், அதாவது நடைபாதையின் மறுபக்கம் ஜன்னலோரமாக இருக்கும் கீழ் பெர்த், கேட்டுப் பாருங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் 7, 15, 23 என்று எட்டெட்டாகக் கூடிப் போகும் எண்கள். கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை. கிடைத்தாலும் பகலில் மேல் பெர்த்துக்காரரும் எதிரே உட்காருவார், அது அவர் உரிமை.

இங்கிருந்து எதிர் வரிசையின் ஆறு பேரும் தெரிவார்கள். முறைத்துப் பார்க்காமலேயே பார்க்கலாம், நடைபாதை நடுவில் இருக்கிறதே! விழுப்புரம் வரை எல்லாரும் போனுக்குள் இருப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் நேரம்தான் முக்கியம். புளிசாதத்தை வாழையிலையோடு மடியில் வைத்துக்கொண்டு, முதல் கவளத்துக்கு முன்னால் "சாப்பிடுறீங்களா தம்பி?" என்று சுற்றிலும் ஒரு தடவை கேட்கும் அம்மா கட்டாயம் ஒருவர் இருப்பார். அங்கே தொடங்கும் பேச்சு மணப்பாறை முறுக்கு வரும்போது குடும்பக் கதையாகியிருக்கும்.

போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். குறிப்பெழுதுவதென்றால் சின்ன நோட்டு போதும், செல்போனை நீட்டினாலே ஆட்கள் விறைத்துவிடுவார்கள். அப்புறம், "எங்க இறங்குறீங்க?" என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். மதுரையில் பாதிப் பேர் இறங்கினால் கோவில்பட்டி வரை காலை நீட்டிக்கொள்ளலாம்.