பூனையின் மூக்குக்கும் வேலை கொடுங்கள்

என்னிடம் இரண்டு பூனைகள். மின்னி எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள். கருவாயனுக்கு நாற்காலியை இடம் மாற்றினால்கூடப் போதும், கட்டிலடியில் பதுங்கிவிடுவான். அவனுக்காகத்தான், வாசனைகளைக் கொண்டு பூனையின் மூக்குக்கு வேலை கொடுக்கும் இந்த முயற்சியில் இறங்கினேன்.

வெளியிலிருந்து எதையும் கொண்டுவரும் முன், பூனையின் சொந்த வாசனையைக் காப்பாற்றுங்கள். கன்னம், மோவாய், நெற்றி, பாதம் எல்லாவற்றிலும் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. மேஜைக் காலில் கன்னத்தைத் தேய்ப்பது, 'இது என் இடம்' என்று முத்திரை குத்துவதுதான். கருவாயன் தேய்த்துத் தேய்த்து எங்கள் கதவு மூலையில், அவன் உயரத்துக்குச் சரியாக, ஒரு பழுப்புப் பிசுக்கு படிந்திருக்கிறது. பார்த்தால் கை பரபரக்கும், துடைப்பதில்லை. படுக்கைத் துணிகளையும் ஒரே நாளில் மொத்தமாகத் துவைக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது துவைக்காத துணியைக் கூடைக்குள் விரியுங்கள்.

போய்வந்த பூனையைப் பார்த்து மற்றது சீறுகிறதா? பெரும்பாலும் மருத்துவமனை வாடைதான் காரணம். சில மணி நேரம் தனி அறையில் வைத்து, அதன் பழைய படுக்கைத் துணியால் தடவிவிட்டு அப்புறம் சேர்த்து விடுங்கள். புதுப் பூனை வந்தாலும் இதே வழிதான்: ஒன்றின் கன்னத்தில் காலுறையைத் தேய்த்து மற்றது நடமாடும் இடத்தில் போடுங்கள். முகர்ந்துவிட்டுப் பேசாமல் போனால் நல்ல சகுனம்.

அடுத்தது கேட்னிப், பூனைகளை மயக்கும் வாசனை உள்ள ஒரு செடி. மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள்தான் இதற்கு மயங்கும். அது பரம்பரைச் சமாச்சாரம். குட்டிகளுக்குச் சில மாதங்கள் வரை ஒன்றும் தெரியாது. ஒரு சிட்டிகை காய்ந்த இலையைக் கசக்கித் துணியில் தூவினால் பத்து நிமிடம் உருளும், பிறகு சலித்துப்போகும். வாரம் ஒருமுறை போதும். மயங்காத பூனைக்குச் சில்வர் வைன் என்ற கொடியின் பொடியைக் கொடுத்துப் பாருங்கள். 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ 80 சதவீதப் பூனைகள் அதற்கு மசிந்தன. மின்னியும் அந்தக் கட்சிதான். சண்டைக்கார ஜோடி என்றால் தனித்தனியே கொடுங்கள்.

என்னைக் கேட்டால், காசில்லாத அட்டைப்பெட்டிதான் எல்லாவற்றிலும் உசத்தி. உள்ளே மரப்பட்டை, சருகு, கூழாங்கல் என்று வெளி உலகத்துப் பொருள் எதையாவது போடுங்கள். மருந்து தெளித்த தோட்டத்துப் பொருள் மட்டும் வேண்டாம். பூனையைத் தூக்கிப் பெட்டிக்குள் விடாதீர்கள், அதுவாக வரட்டும். கருவாயன் முதலில் சுற்றி வருவான், கழுத்தை நீட்டுவான், பிறகு மேலுதட்டைத் தூக்கி வாயைப் பாதி திறந்து அப்படியே நிற்பான். முகம் சுளிப்பதாக நினைக்க வேண்டாம். மேலண்ணத்தில் இருக்கும் இன்னொரு முகரும் உறுப்புக்கு வாசனையை அனுப்புகிறான். மறுநாள் பெட்டியை எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் கிடந்தால் அது வெறும் அட்டைதான்.

மனிதருக்கு இதம் தரும் நறுமண எண்ணெய்கள் மட்டும் கூடவே கூடாது. டீ ட்ரீ, யூகலிப்டஸ், புதினா, லவங்கப்பட்டை, எலுமிச்சை எண்ணெய்களில் உள்ள பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க முடியாது. வாசனையைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசரில் ஊற்றினாலும் நுண்துளிகள் ரோமத்தில் படியும், அதைப் பூனை நக்கி விழுங்கும். ஃபீனால் என்ற கிருமிநாசினி கலந்த, தரை துடைக்கும் திரவமும் அப்படித்தான். எச்சில் வடிவது, தள்ளாடுவது, மூச்சு வாங்குவது எதைக் கண்டாலும் அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.