கிளாம்ப் ஃபுட்பெக் கீழே சுற்றிக்கொள்கிறதா?

பைக்கின் கிராஷ் கார்டில் (பாதுகாப்புக் கம்பியில்) கிளாம்ப் என்ற பிடிப்பானால் மாட்டிய ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) கால் வைத்ததும் சுற்றினால், உடனே போல்ட்டை இன்னும் முறுக்காதீர்கள். முதலில் கிளாம்பின் இரு பாதிகளுக்கு நடுவே பாருங்கள். சிறு இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால் கிளாம்ப் பைப்பைவிடப் பெரியது. எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது, மரைதான் போகும். 25 மி.மீ. பைப்புக்கு 25 மி.மீ. கிளாம்ப்தான் சரி. துளி வித்தியாசம் என்றால் பைப்பைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடு வைக்கலாம். தடித்த ரப்பர் வேண்டாம், நாளடைவில் நசுங்கி மறுபடி லூஸாகும்.

பைப்பின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மரையில் நீல நிற த்ரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கிளாம்பையும் பைப்பையும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நழுவுகிறது என்று அர்த்தம். இந்த ஃபுட்பெக் மேல் எழுந்து நின்று ஓட்டவே கூடாது.