‘கேஷ்’ நம் காசுதானா? வேர்ச்சொல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடும் ஆர்வம் இளையவர்களிடம் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் என்னிடம் திருத்தத்துக்கு வரும் கட்டுரைகளில், அந்தக் காலத்தில் நான் விழுந்த பள்ளங்களிலேயே வரிசையாக விழுகிறார்கள். அகராதியைத் திறக்காமல் எழுதக்கூடாது என்பதையெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’ என்று எழுதாத ஆளில்லை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. ரொக்கத்தைக் குறிப்பது பிரெஞ்சு, இத்தாலிய வழியில் வந்தது. இத்தாலியில் ‘காஸ்ஸா’ என்றால் பெட்டி. அதற்கு முன் லத்தீனில் ‘காப்ஸா’. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது.

இன்னொரு ‘கேஷ்’ நம்முடையது. காசு என்னும் சிறு நாணயத்தைப் போர்ச்சுகீசியர் ‘காய்ஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர்; குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; ‘பணம்’, ‘வராகன்’ இரண்டும் அந்நாளைய நாணயங்கள். சீனத்தின் துளையிட்ட நாணயங்களையும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே அழைத்தார்கள். இவ்வளவு சுவையான உண்மை கையிலிருக்க, இல்லாத உறவை ஏன் கொண்டாட வேண்டும்?

விழா மலர் ஒன்றுக்கு வந்த கட்டுரையில் இதைத் திருத்திக் கொடுத்தேன். “தமிழுக்குப் பெருமைதானே ஐயா, இருக்கட்டும்” என்று பழையபடியே அச்சேற்றினார்கள். படித்த ஆங்கில ஆசிரியர் ஒருவர் அகராதியோடு வந்துவிட்டார். ‘கேஷ்’ போனதோடு நிற்கவில்லை. கட்டுமரத்திலிருந்து ‘கட்டமரான்’, சுருட்டிலிருந்து ‘செரூட்’ என்று அதே கட்டுரை சொன்ன உண்மைகளையும் அவர் நம்ப மறுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரு மொழியிலும் பழைய வடிவத்தைத் தேடுங்கள். எந்தத் துறைமுகம், எந்த வணிகர், எந்த நூற்றாண்டு என்று வழியைக் காட்டுங்கள். நம் ‘ஒன்று’, ஆங்கில ‘ஒன்’ (one) என்று இணை சேர்ப்பவர்களுக்கும் இதுவே பதில்: பழைய ஆங்கிலத்தில் ‘one’ என்பது ‘ஆன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’.

பழம்பொருளே மெய்ப்பொருள் என்பது

‘நைஸ்’ லத்தீன் ‘நெஸ்கியுஸ்’ வழி வந்தது, பொருள், அறியாதவன். அதற்காக இன்று ‘நைஸ்’ என்று பாராட்டுபவரிடம் சண்டைக்குப் போக முடியுமா? ‘நாற்றம்’கூட ஒரு காலத்தில் நறுமணம்தான். பூக்காரம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

முதலெழுத்துக் கதைகள்

‘நியூஸ்’ நான்கு திசைகளின் முதலெழுத்துகள் அல்ல. ‘நியூ’ என்பதன் பன்மை.