மேல்நிலைக்குப் புதிதாக வரும் கணித ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்தால் மேல்நிலை வகுப்புகளுக்குப் புதிய கணித ஆசிரியர்கள் வருகிறார்கள். போர்ஷன் ஒரு பக்கம், பொதுத்தேர்வு ஒரு பக்கம் இழுக்க, நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். பாடக்குறிப்பு எழுதாதது, கரும்பலகையைப் பார்த்தே பேசுவது போன்றவற்றை யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விடுகிறேன்.

பிளஸ் ஒன்னைத் தாண்டிப் போவது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பதினோராம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவிடுவது. ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் ஓட்டினால் சென்டம் வரும் என்று எண்ணம். இந்தப் பழக்கத்தைத் தடுக்கவும்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பழைய பழக்கம் மெல்லத் தலைதூக்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் புரட்டுங்கள். அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் நான்குக்கும் அங்கே இருப்பது பெரும்பாலும் பயன்பாடுகள்தான். அடித்தளம் பதினொன்றில் இருக்கிறது. எல்லை என்றால் என்னவென்றே தெரியாத பையன், எடுத்துக்காட்டுக் கணக்கை வரி வரியாக மனப்பாடம் செய்து பெருமம், சிறுமம் காண்கிறான். மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது. அதனால்தான் இது தவறாகவே யாருக்கும் தெரிவதில்லை.

வேறொரு பள்ளியில் இப்படிப் படித்து, கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய எங்கள் தெருப் பிள்ளை பொறியியல் சேர்ந்தான். முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர். புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தவனிடம் ஒரு வளைவரையைப் போட்டு, இந்தப் புள்ளியில் வகைக்கெழு எதைச் சொல்கிறது என்று கேட்டேன். சூத்திரத்தை ஒப்பித்தான். அது தொடுகோட்டின் சாய்வு என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. "அதெல்லாம் லெவன்த்ல வரும் சார், எங்களுக்கு நடத்தவே இல்ல" என்றான். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவனுக்கு இப்படிச் செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது?

நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினோராம் வகுப்புப் பாடம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

தாண்டி வந்த வகுப்பு உங்கள் கையில் கிடைத்தால், அந்த நான்கு பாடங்களில் ஒவ்வொன்றுக்கும் முன்பு நாலைந்து பீரியடைப் பழைய பாடத்துக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகு புதிய பாடம் வேகமாக நகரும்.

தாள் திரும்பாத ஸ்லிப் டெஸ்ட்

மறுநாளே திருத்தித் தர முடியாவிட்டால் டெஸ்ட்டைக் குறையுங்கள். எங்கே தப்பு செய்தோம் என்பது ஒரு வாரம் கழித்து எந்தப் பிள்ளைக்கும் நினைவிருக்காது.

ஒன் வேர்டை எழுத்தாக மனப்பாடம் செய்ய விடுவது

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இந்த ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மொத்தம் 20 மதிப்பெண். பிள்ளைகள் சரியான விடையின் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விடைகளின் வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள், யார் கணக்கைப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

பி.டி. பீரியடை வாங்குவது

வாங்காதீர்கள்.

ஜூனிலேயே 'மெல்லக் கற்போர்' என்று ஒதுக்குவது

அரையாண்டுவரை அவர்களும் முழுப் பாடத்தையும் கேட்கட்டும்.

பெற்றோர் கேட்டதும் தலையாட்டுவது

"டுவெல்த் போர்ஷன் எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று பிளஸ் ஒன் பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். இரண்டு புத்தகங்களின் பொருளடக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டுங்கள். தலைமையாசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே காட்டுங்கள். போர்ஷன் அட்டவணையில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான்.